கூறுபோடப்பட்ட நகை

சென்ற கல்வியாண்டில் எமது கல்லூரித் தமிழ்த்துறையின் இலக்கிய மன்றத்தில் ‘சபாபதி’ திரைப்படத்தைத் திரையிட்டோம். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த படம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் திரைக்குக் கொண்டுவந்தனர். டி.ஆர்.ராமச்சந்திரன் எசமானாகவும் காளி என்.ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். இருவருக்கும் பெயர் சபாபதிதான். முழுக்க முழுக்க நகைச்சுவைக்கென்றே எடுக்கப்பட்ட படம். ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாம் வரிசையில் இருந்த இளங்கலை மாணவர் ஒருவர் எம் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், மிகுந்த பணிவோடு கேட்டார்: “ஐயா, காமெடி சீன் எப்ப வரும்?”

கேட்டதும் நாம் சிரித்துவிட்டோம் என்பது உண்மை. வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மாணவர் அறிவிலி அல்லர். வகுப்பில் கூர்மையாகக் கேள்வி எழுப்புபவர். ஆனால் அவர் பிறந்தது முதல் நகைச்சுவையைத் துண்டுகளாக மட்டுமே கண்டிருக்கிறார். நான்கு நிமிடம், இரண்டு நிமிடம், இப்போது கைப்பேசியில் முப்பது நொடி. முன்னும் பின்னும் அறுக்கப்பட்டு, தலைப்பு ஒட்டப்பட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் ஒலி சேர்க்கப்பட்டு வருவதுதான் அவருக்குக் காமெடி. ஒரு முழுப்படமே நகையாக இருக்கக்கூடும் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார்? தொலைக்காட்சிக்காரர்களா? அல்லர். நாம்தாம். இக்கட்டுரை அந்தக் குற்றச்சாட்டைப் பற்றியது.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். துண்டுக்காட்சி இல்லாவிடில் பழைய நகைச்சுவை நடிகர்கள் எப்போதோ மறக்கப்பட்டிருப்பார்கள் என்பார்கள். சான்றும் தருவார்கள். 2001இல் வந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி என்னும் பாத்திரம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2019 மே மாதத்தில் இணையம் முழுவதும் பேசப்பட்டது. தலையில் சுத்தியல் விழுந்த ஒரு கற்பனை மனிதருக்காகத் தமிழே அறியாதவர்களும் பிரார்த்தனை செய்தனர். வேறெந்தத் தமிழ்க் காவிய நாயகனுக்கும் கிட்டாத பேறு என்றுகூடச் சொல்லலாம். மறுக்கவில்லை. நாமும் அன்று சிரித்தோம்.

இவ்வாதத்துக்கு இன்னும் கற்றறிந்த வடிவம் ஒன்றும் உண்டு. தமிழ்ச் செய்யுள் மரபே தனிநிலை, தொடர்நிலை என இரண்டாகப் பகுக்கப்பட்டதுதானே. காளமேகத்தின் தனிப்பாடல் ஒன்றை முன்பின் இல்லாமல் நாம் சுவைப்பதில்லையா. நகைச்சுவைக் காட்சியும் ஒரு தனிப்பாடல்தான் என்று எம் துறை நண்பர் ஒருவர் வாதிட்டார். அழகான வாதம். ஆனால் பிழையானது. காளமேகத்தின் பாடல் தனிப்பாடலாகவே பிறந்தது. அதன் முன்னும் பின்னும் வெட்டப்பட்டது எதுவும் இல்லை. திரைப்படத்திலிருந்து பிய்த்தெடுத்த காட்சி அப்படிப்பட்டதன்று. சிலப்பதிகாரத்திலிருந்து வழக்குரை காதையை மட்டும் கிழித்துக் கையில் கொடுத்து, இதுதான் இளங்கோ என்று சொல்வதற்கு ஒப்பானது அது. படிப்பவர் கண்ணகியின் கோபத்தைக் காண்பார். அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று அறியமாட்டார்.

ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம். 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தம் தந்தை விசுவநாதனாக வரும் டி.எஸ்.பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் இடத்தை அறியாத தமிழர் குறைவு. துண்டாகப் பார்த்தால் அது இரு பெரும் நடிகர்களின் முகவிளையாட்டு. நாகேஷின் குரல் கதவாகிறது, காற்றாகிறது. பாலையாவின் முகம் வெளிறுகிறது. சிரிக்கிறோம், அடுத்த துண்டுக்குப் போகிறோம்.

முழுப்படத்தில் அது வேறு. விசுவநாதன் எஸ்டேட் முதலாளி. பணத்தின் வாசனை பட்டால் இளகிவிடுபவர். தாம் வேலையைவிட்டு நீக்கிய இளைஞன், தன் நண்பனுக்குக் கிழவேடம் புனைந்து, பெரும் பணக்காரத் தந்தை என்று கொண்டுவந்து நிறுத்தும்போது, அந்தப் பொய்யை அப்படியே விழுங்குபவர். ஆகவே அந்தப் படத்தில் அவருக்கு இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. சொந்த மகன் சொல்லும் கதையைக் கேட்டு நடுங்குகிறார், ஆனால் அவன் படமெடுக்கக் காசு கொடுக்க மனம் வரவில்லை. அந்நியன் சொல்லும் பணக்காரக் கதையைக் கேட்டு மகளையே கொடுக்க முன்வருகிறார். திகில் கதைக் காட்சி அந்த மனிதருடைய சுபாவத்தின் இலக்கணத்தையே முன்கூட்டி எழுதிக் காட்டுகிறது: இவர் நல்ல கதைசொல்லி எவனுக்கும் இரையாவார். பின்னால் வரும் ஆள்மாறாட்டம் முழுவதும் அதற்கு எழுதப்பட்ட உரை. துண்டுக்காட்சியை மட்டும் நூறு முறை பார்த்தவருக்கு இந்தத் தொடர்பு ஒருபோதும் தென்படாது. அவர் நூறு முறை பார்த்தது நாகேஷை. செல்லப்பாவை அவர் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கணக்குக்கு வருவோம்.

தொலைக்காட்சி வணிகம் அறுத்து விற்றது. அது வணிகம், அதனிடம் வேறெதை எதிர்பார்ப்பது? ஆனால் அறுக்கலாம் என்ற அனுமதியை வழங்கியவர்கள் சிற்றிதழ் படிப்பவர்களும் திரைப்படச் சங்கம் நடத்துபவர்களும் கல்லூரியில் பாடம் எடுப்பவர்களுமாகிய நாமே. கடந்த பல பத்தாண்டுகளாக நாம் திரையிட்டவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ போட்டோம், ‘பதேர் பாஞ்சாலி’ போட்டோம், பெர்க்மன் போட்டோம். போட்டது தவறன்று. ஆனால் பஸ்டர் கீட்டனை எத்தனை முறை போட்டோம்? ழாக் தாத்தியை? ‘அடுத்த வீட்டுப் பெண்’ணை? 1949இல் அண்ணாவின் வசனத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், என்.எஸ்.கிருஷ்ணன் கதைநாயகனாகவே நடித்த ‘நல்லதம்பி’யை? திரையரங்கைவிட்டு வெளிவரும்போது முகம் இருண்டிருந்தால்தான் கலை. சிரித்துக்கொண்டு வந்தால் பொழுதுபோக்கு என்று ஓர் எழுதாத விதியை நாம் கடைப்பிடித்து வந்திருக்கிறோம். நாம் மதிக்காத பொருளைக் கசாப்புக்கடைக்காரர் மதிக்கவில்லை என்று குறைகூறுவது எவ்வகை நேர்மை?

இந்த விதி நம் மரபில் இருந்து வந்ததும் அன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைத்தார். அழுகைக்கு இரண்டாம் இடந்தான். நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடம் என நான்கைப் பகுத்தும் காட்டினார். ஒரு மனிதன் எதைக் கண்டு சிரிக்கிறான் என்பது இலக்கணம் வகுக்கத்தக்க செய்தி என்று அவர் கருதினார். நாமோ மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காக நடத்துகிறோம். மாலையில் வீட்டுக்குப் போய், காமெடி சேனலை ஓடவிட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துகிறோம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலிருந்து சிரிப்பு வரும் வாக்கியங்களை மட்டும் பொறுக்கி ஒரு தொகுப்பு போட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? கண்டனக் கட்டுரைகள் பறக்கும். நாகேஷுக்கு நாள்தோறும் அது நடக்கிறது. ஒரு முணுமுணுப்பும் இல்லை.

துண்டாக்குவதால் கெடுவது அழகியல் மட்டும் என்றால் இவ்வளவு வேகம் தேவையில்லை. கெடுவது அறமும்தான். இதைச் ‘சபாபதி’யைக் கொண்டே விளக்கலாம்.

மேலே சொன்ன நான்கனுள் பேதைமையும் மடமும் ஒன்றுபோலத் தோன்றும். உரைமரபு அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. பேதைமை என்பது அறிவின்மை. மடம் என்பது பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் இருத்தல். இந்த வேறுபாட்டை வகுப்பறையில் விளக்க நாம் பல ஆண்டுகள் திணறியிருக்கிறோம். ‘சபாபதி’ அதை எளிதில் விளக்கிவிடுகிறது. எசமான் சபாபதி ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. வசதி எல்லாம் இருந்தும் பள்ளித்தேர்வில் தேறாதவர். அது பேதைமை. வேலைக்காரச் சபாபதியோ சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுபவன். இட்ட கட்டளைக்குள் இருக்கும் கருத்தை அல்ல, சொல்லையே பிடித்துக்கொள்பவன். அது மடம்.

துண்டுக்காட்சியில் எது எஞ்சும்? வேலைக்காரனின் மடம் மட்டுமே எஞ்சும். ஏனெனில் அதுதான் சட்டென்று சிரிப்பு வரவழைப்பது. பார்ப்பவர் சிரிப்பார்: ஏவலாள் முட்டாள், எசமான் பாவம். முழுப்படத்திலோ சிரிப்பின் திசையே வேறு. இருவருக்கும் ஒரே பெயரை வைத்ததிலேயே பம்மலாரின் குறும்பு தெரிகிறது. ஒரே பெயர், ஒரே வீடு. ஒருவனுக்குப் படிப்பு வாய்த்தும் ஏறவில்லை. மற்றவனுக்கு அது வாய்க்கவே இல்லை. ஒருவனுடைய அறியாமையைச் செல்வம் மூடி மறைக்கிறது. மற்றவனுடைய அறியாமையை எல்லோரும் சுட்டிச் சிரிக்கிறார்கள். வேலைக்காரன் தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தத் தவறு எசமானின் பேச்சிலேயே இருந்தது என்பதைப் படம் பொறுமையாக அடுக்கிக்கொண்டே போகிறது. துண்டு, சிரிப்பை மேலிருந்து கீழே தள்ளிவிடுகிறது. படமோ கீழிருந்து மேல்நோக்கிச் சிரிக்கச் சொல்லித் தருகிறது. நகைச்சுவை யாரைக் காயப்படுத்துகிறது என்று இன்று பலரும் சரியாகவே கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை காண முழுப்படத்தையும் பார்த்தாக வேண்டும். அறை வாங்குபவன் யார், அறைபவன் யார், அந்த அறைக்குப் படம் பின்னால் என்ன விலை வைக்கிறது என்பது எதுவும் முப்பது நொடியில் அடங்காது.

இதனால் பழைய படங்கள் எல்லாம் குற்றமற்றவை என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். அன்று திரையிடல் முடிந்த பிறகு முதுகலை மாணவி ஒருவர் எழுந்து பேசினார். படத்தில் சபாபதியின் மனைவி சிவகாமி படித்த பெண். கணவனுக்குக் கற்றுக்கொடுத்துத் தேர்வில் தேற வைப்பவள். “அவ்வளவு படித்தவளுக்கும் கடைசியில் கொடுக்கிற வேலை புருஷனுக்கு டியூஷன் எடுக்கிறதுதானா ஐயா?” என்று அம்மாணவி கேட்டார். அரங்கம் சிரித்தது. எம்மிடம் விடை இல்லை. படத்தில் வரும் தமிழ் வாத்தியாரை கே.சாரங்கபாணி நடித்த விதத்தைக் கண்டு மாணவர்கள் எம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோதும் எம்மிடம் விடை இல்லை. இரண்டையும் நாம் வரவேற்கிறோம். முழுமையாகப் பார்த்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. துண்டைப் பார்ப்பவர் சிரிப்பார் அல்லது நகர்ந்துவிடுவார், சண்டை போடமாட்டார். ஒரு படைப்போடு சண்டை போடும் உரிமை, அதை முழுவதும் பார்த்தவருக்கே உண்டு.

தடத்தைவிட்டு விலகிய படங்களின் நிலை இன்னும் பரிதாபம். அவற்றைக் கத்தரிக்கவும் முடியாது. ஆகவே அவை பேசப்படுவதே இல்லை. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் உரையாடலே இல்லாமல் எடுத்த ‘புஷ்பக விமானா’ தமிழில் ‘பேசும் படம்’ என்ற பெயரில் வந்தது. வேலையற்ற பட்டதாரி ஒருவன், குடித்துக் கிடந்த செல்வந்தர் ஒருவரை அடைத்து வைத்துவிட்டு, அவருடைய ஓட்டல் அறையில் போய் வாழ்கிறான். அந்த அறையின் அமைதியில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தன் பழைய அறைக்குப் பக்கத்துத் திரையரங்கின் இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து வந்து, அதை ஓடவிட்ட பிறகே உறங்குகிறான். இதை மட்டும் தனியே பார்ப்பவருக்கு இது ஒரு சின்னக் குறும்பு. அவன் முன்பு இருந்த அறையை, அங்கே அவன் பட்ட பாட்டை அரைமணி நேரம் உடனிருந்து பார்த்தவருக்கே அந்த இரைச்சல் எவ்வளவு கசப்பான நகைச்சுவை என்று தெரியும். வறுமை ஒருவனுடைய தூக்கத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஒரு சொல்லும் பேசாமல் அதைச் சொன்ன படத்தைப் பற்றி நம் இதழ்களில் எத்தனை பக்கம் எழுதினோம்?

ழாக் தாத்தி 1967இல் ‘பிளேடைம்’ எடுத்தார். அதற்கென்றே கண்ணாடியும் எஃகுமாக ஒரு நகரத்தை எழுப்பினார். அந்தச் செலவே அவரைக் கடனில் மூழ்கடித்தது. அதில் கேமரா நகைச்சுவையின் அருகில் போய் இதோ என்று காட்டாது. அகன்ற திரையின் ஏதோ ஒரு மூலையில் அது நடந்துகொண்டிருக்கும். தேடிக் கண்டுபிடிப்பது பார்வையாளரின் பொறுப்பு. நல்ல கவிதை வாசகரிடம் கேட்கும் உழைப்பும் இதுவே. கவிதைக்கு அந்த உழைப்பைத் தரும் நாம், நகைச்சுவைக்கு மட்டும் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்கிறோம்.

இதில் அவசரமும் உண்டு. மதிக்கப்படாத படம் தங்குவதில்லை. தமிழ் பேசிய முதற்படம் என்று நாம் கொண்டாடும் ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. அதற்கு முன் இங்கே எடுக்கப்பட்ட மௌனப்படங்களும் ஏறத்தாழ முற்றாக அழிந்துவிட்டன. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964இல்தான். அதற்குள் போனவை போயின. 1930களின் இறுதியில் சின்னச் சின்னச் சிரிப்புப் படங்களைத் தொகுத்து ஒரே காட்சியாக ஓட்டும் வழக்கம் தமிழில் இருந்தது. அவற்றை யார் பேணிக் காத்திருக்கப் போகிறார்கள்? புராணப் படமென்றால் பக்திக்காகவாவது பெட்டியில் வைத்திருப்பார்கள். சிரிப்புப் படத்துக்கு அந்தக் கதியும் இல்லை. பஸ்டர் கீட்டனின் கதையும் இதுவே. 1926இல் அவர் எடுத்த ‘தி ஜெனரல்’ வெளிவந்தபோது வசூலும் இல்லை, மதிப்பும் இல்லை. பின்னாளில் அவர் வாழ்ந்த வீட்டை நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கினார். 1950களில் அங்கே கிடந்த படச்சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. நூற்றாண்டின் பெருங்கலைஞர்களுள் ஒருவருடைய படைப்புகள் தப்பியதில் தற்செயலுக்கு அவ்வளவு பங்கு இருந்திருக்கிறது. எல்லா வீட்டையும் ஒரு மேசன் வாங்குவார் என்று நம்பி நாம் இருக்கலாகாது.

ஒரு படம் காப்பகத்தில் இருப்பதால் மட்டும் பிழைப்பதில்லை. பார்ப்பவர் வேண்டும், பார்த்துவிட்டு வாதிடுபவர் வேண்டும். ஏட்டுச்சுவடிகள் பரணில் இருந்தபோதும் சங்க இலக்கியம் படிப்பார் இன்றிக் கிடந்தது என்பதைத் தமிழாசிரியர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. திரைப்படத்துக்கு நாம் உ.வே.சா. ஆக வேண்டாம், அந்தத் தகுதி நமக்கு இல்லை. ஒரு மாலைப்பொழுதை முழுதாகக் கொடுத்தால் போதும்.

செய்யக்கூடியவை எளியவையே. ஒவ்வொரு திரைப்படச் சங்கமும் ஆண்டில் மூன்று முழுநீள நகைச்சுவைப் படங்களையாவது திரையிடட்டும். சிற்றிதழ்கள் ஆண்டுக்கொரு முறையாவது ஒரு பழைய சிரிப்புப் படத்தைப் பற்றி, ஒரு நாவலுக்குத் தரும் கவனத்தோடு கட்டுரை வெளியிடட்டும். மெய்ப்பாட்டியல் நடத்தும் ஆசிரியர், நகைக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் தந்த பாடலோடு, ஒரு திரைப்படத்தையும் மாணவருக்குக் காட்டட்டும். துண்டுக்காட்சி பார்ப்பதையே தடைசெய்யச் சொல்லவில்லை. பார்க்கலாம், ஆனால் அதைப் பார்த்தபின் அது எந்த உடம்பிலிருந்து அறுக்கப்பட்டது என்று ஒருமுறை தேடிப்போகலாம்.

திரையிடலுக்கு முன்பு, சிரிப்புப் படத்துக்கு இலக்கிய மன்றத்தில் என்ன வேலை என்று எம்மிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம். வரும் பருவத்தில் ‘நல்லதம்பி’. நந்தன் சரித்திரத்தின் சாயலில், கோயிலுக்குப் பதிலாகக் கல்வியைத் தேடிப்போகும் கிந்தனின் கதையை என்.எஸ்.கிருஷ்ணன் காலட்சேபமாகச் செய்வது அப்படத்தில்தான். அந்தப் பகுதி மட்டும் தனியாகவே கிடைக்குமே, அதையே போட்டுவிடலாமே என்று இப்போதே ஒரு யோசனை வந்திருக்கிறது. முழுப்படமும் ஓடும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டோம். இடையில் எழுந்து போகும் எண்ணமுடையோர் முன்வரிசையில் அமராதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.